வெற்றுத் தாளில் முதல் ஒப்பு

கல்பாத்தி, பாலக்காடு
9 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். தங்கச்சி சிஞ்சு எழுதுகிறேன். இங்கே நான் நல்ல சுகம். நீயும் மதினியும் ஜோமோளும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபாக்டரித் தூசியில் வரும் உன் இருமல் இந்தப் பனிக்கு அடங்கியதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உங்கள் லயத்து வரிசை வீட்டில் நான் உன்னிடம் கேட்கும் கேள்விக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராமுத்தாய் அக்கா பதில் சொல்கிறாள். அதனால்தான் பேனா.

எனக்கு ஓர் உதவி வேண்டும். அரசுப் பள்ளிகளை உண்மையில் யார் நடத்துகிறார்கள், ஒரு காரியம் கெட்டுப்போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகப் பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்திலும் இடுக்கியிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் குழு மினிட்ஸ் நோட்டுகளைப் படிக்கிறேன். நம் செம்பாறை எஸ்டேட் பள்ளிக்கு நீதானே குழுத் தலைவர்? ஹெட்மாஸ்டர் ஜோஸ் சாரிடம் கேட்டு நோட்டைக் கொஞ்ச நாளைக்கு வாங்கி அனுப்பு. தலைவர் என்றால் சும்மாவா!

ஜோமோளுக்கு என் முத்தம்.

அன்புத் தங்கை,
சிஞ்சு


செம்பாறை எஸ்டேட், மேல் டிவிஷன்
27 பிப்ரவரி 2025

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் சிலுவைராஜ் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம். இருமல் இருக்கிறது, ஆளும் இருக்கிறேன்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி மதினியிடம் சொன்னேன். "அப்ப நம்ம சிஞ்சு இன்ஸ்பெக்டராயிட்டாளா?" என்றாள். "இல்ல புள்ள, கேள்வி கேக்கதுக்குச் சம்பளம் வாங்குதா" என்றேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சார் முதலில் தயங்கினார். நம் சிஞ்சுதானே என்று நான் சொன்னதும் கொடுத்தார். ஜீப் ஓட்டுகிற ஜின்சன் கையில் நோட்டை அனுப்பியிருக்கிறேன். பத்து வருஷத்துக் கூட்டம் அதில் இருக்கிறது. எல்லாம் சார் எழுதியதுதான். நாங்கள் ஒப்புதான் போட்டோம், எழுத்து எங்களுடையது அல்ல. படித்துவிட்டுச் சிரிக்காதே. வேலை முடிந்ததும் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடு.

ஜோமோளுக்கு மூன்றாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. உனக்காக மாட்டுப்பட்டி அணையை வரைந்து வைத்திருக்கிறாள். தண்ணீருக்குப் பச்சை நிறம் அடித்திருக்கிறாள், ஏன் என்று கேட்டால் கோபம் வருகிறது.

அண்ணன்,
சிலுவைராஜ்


கல்பாத்தி
16 மார்ச் 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். மதினியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொழுந்துக் கூடையைக் கொஞ்சம் குறைத்துச் சுமக்கச் சொல்.

நோட்டை ஜின்சனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் சிரித்தேன்தான். பத்து வருஷத்தில் ஒரு கூட்டத்துக்குக்கூட ஒருவரும் தவறியதில்லை. நீயும் பத்து அம்மாக்களும், ஒவ்வொரு இரண்டாம் செவ்வாயும், மூன்று மணிக்கு. கொழுந்து எடுக்கிறவர்கள் மூன்று மணிக்குத் தேயிலைக் காட்டை விட்டு எப்படி வந்தார்கள்? பிள்ளைகள் எண்ணிக்கையும் மூன்று வருஷமாய் அசையாமல் இருபத்தைந்து. அங்கே குழந்தைகள் கணக்குப் பார்த்தா பிறக்கின்றன?

பிறகு ஒரு பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. 2023 செப்டம்பர் 12. "குழு உறுப்பினர்கள் பள்ளியின் பின்சுவரை நேரில் பார்வையிட்டனர். விரிசல் இல்லை. கட்டிடம் பாதுகாப்பானது." கீழே முதல் ஒப்பு உன்னுடையது. அண்ணே, அது நம் அம்மாவை அடக்கம் பண்ணிய நாள். மூன்று மணிக்கு நீ கல்லறையில் என் பக்கத்தில் நின்றாய். என் கையைப் பிடித்திருந்தாய்.

இன்னொன்று. நோட்டுக்குள் இரண்டு தனித் தாள்கள் கிடந்தன. மேலே ஓர் எழுத்துகூட இல்லை, கீழே பதினோரு ஒப்பு. அவற்றை மட்டும் நான் வைத்திருக்கிறேன்.

அந்தச் சுவரில் விரிசல் இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

சிஞ்சு


மேல் டிவிஷன்
20 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறு

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நாங்கள் சுகம். மதினிக்கு முழங்கால் தேவலை. ஜோமோளுக்கு அடுத்த மாதம் கோயிலில் புதுநன்மை. வெள்ளைக் கவுன் எடுத்தாயிற்று, நீ கட்டாயம் வர வேண்டும். இங்கே கோடை மழை ஆரம்பித்துவிட்டது. பெட்டிமுடி நிலச்சரிவுக்குப் பிறகு கூரையில் பலமாய் விழுந்தாலே எல்லோரும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறோம், உனக்குத் தெரியும்.

ஜோமோளின் வகுப்பில் கடைசி மாதத்தில் பெஞ்சுகளை எல்லாம் முன்பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். பின்பக்கம் சாரல் அடிக்கிறது என்று சொன்னார்கள்.

நீ கேட்டதை நேரில் சொல்கிறேன். அந்த இரண்டு தாளையும் அனுப்பிவிடு. சார் மூன்று முறை கேட்டுவிட்டார்.

உன் கடிதம் எஸ்டேட் ஆபீஸ் தபாலோடு வந்தது. கவரின் ஓரம் பிரிந்து, திரும்ப ஒட்டியிருந்தது. இனிமேல் ஜின்சன் கையில் கொடு.

அண்ணன்


கல்பாத்தி
27 ஏப்ரல் 2025

அண்ணே,

சுகம் விசாரிக்க இன்று மனம் இல்லை. மன்னித்துக்கொள்.

பெஞ்சுகளை ஏன் தள்ளினார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்துதான் எழுதியிருக்கிறாய்.

தாள்களை அனுப்ப மாட்டேன். வெற்றுத் தாளில் ஒப்புப் போட்டால் அதற்கு மேலே யார் எதை எழுதினாலும் நீ சொன்னதாகத்தான் ஆகும். ஜூனில் பள்ளி திறக்கக் கட்டிடம் பத்திரம் என்று சர்டிபிகேட் வேண்டும். அதற்குத்தான் சார் இந்தத் தாள்களைக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். என் வேலையே இந்த மாதிரித் தாள்களைப் படிப்பதுதான். ஏதாவது நடந்த பிறகு எல்லோரும் முதலில் தேடுவது கீழே இருக்கிற முதல் பேரைத்தான்.

கவரை யார் பிரித்தது? எனக்குப் பயமாயிருக்கிறது.

சிஞ்சு


மேல் டிவிஷன்
11 மே 2025

அன்புள்ள தங்கச்சி,

புதுநன்மைக்கு நீ வராதது ஜோமோளுக்கு வருத்தம். கேக்கில் உன் பங்கை எடுத்து வைத்து, மறுநாள் அவளே தின்றுவிட்டாள். சுகத்துக்குக் குறைவில்லை.

இருக்கிறது, சிஞ்சு. மூன்றாம் வகுப்பின் பின்சுவர். போன வருஷம் விரல் போகும், இப்போது உள்ளங்கை போகிறது. சுவருக்குப் பின்னால் மேடு சரிந்து வந்து சாய்ந்திருக்கிறது.

மூன்று மணிக்குக் கூட்டத்துக்கு வந்தால் பெண்களுக்கு அரை நாள் போகும். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் சார் காலை மஸ்டருக்கே வருவார். பேர் கூப்பிட்டு முடிந்ததும் வரிசையில் நின்று வருஷத்துக்கான தாள்கள் எல்லாவற்றிலும் ஒப்புப் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போவோம். பத்து வருஷமாய் அதுதான் வழக்கம். சாரும் கெட்ட மனிதர் இல்லை. சுவரைப் பற்றி மேலே எழுதினால் இந்தக் கட்டிடத்தை மூடுவார்கள், வேறு கட்டித் தர மாட்டார்கள் என்கிறார். பிறகு நம் பிள்ளைகள் பதினாலு கிலோமீட்டர் ஜீப்பில் போய் மலையாளத்தில் படிக்க வேண்டும்.

ஃபீல்டு ஆபீசர் நேற்று என்னை நிறுத்தி, "ஒன் தங்கச்சி பாலக்காட்டுல ஒக்காந்து நம்மளப் பத்தி என்னமோ எழுதுதாமே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வேலை போனால் லயத்து வீடும் போகும், தெரியுமல்லவா?

எனக்கு ஒரு யோசனை. அந்தத் தாளில் சுவரைப் பற்றிய உண்மையை நீயே எழுதி மேலே அனுப்பிவிடு. ஒப்பு எங்களுடையதுதானே. கூட்டம் எழுதியதாக இருக்கும், நான் எழுதியதாக இருக்காது.

அண்ணன்


கல்பாத்தி
18 மே 2025

பிரியமுள்ள அண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்துப் பேனாவையும் எடுத்துவிட்டேன். எழுத முடியவில்லை. அந்தப் பத்துப் பெண்கள் பேசாததை அவர்கள் ஒப்புக்கு மேலே நான் எழுதினால், ஜோஸ் சாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

போன வாரம் கிழக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போயிருந்தேன். மருதாத்தாள் என்று ஓர் அம்மா குழுவில் இருக்கிறார். ஜூன் திறப்புக்கான கூட்டத்தில் அவரிடம் நோட்டை நீட்டினார்கள். "ஏனுங்க, படிச்சுக் காட்டாம எப்புடிங்க ஒப்புப் போடறது? எம்பட ஊட்டுப் பையன் அந்தக் கூரைக்குக் கீழதானுங்க உக்காரோணும்" என்றார். ஹெட்மாஸ்டர் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினார்.

தாள்களை ஜின்சனிடம் கொடுத்திருக்கிறேன். நீ கூட்டம் போடு. மஸ்டரிலேயே போடு, பத்து நிமிஷம் போதும். நான் தொலைவில் உட்கார்ந்து உபதேசம் பண்ணுகிறேன் என்று உனக்குத் தோன்றும், உன் வீட்டை நினைத்து எனக்கும் உறக்கமில்லை. ஆனாலும் ஜூன் பதினைந்துக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் என் பேரிலேயே புகார் எழுதுவேன்.

மதினிக்கும் ஜோமோளுக்கும் என் அன்பு.

சிஞ்சு


கல்பாத்தி
8 ஜூன் 2025

அண்ணே,

மூன்று வாரமாய்ப் பதில் இல்லை. பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. போன் பண்ணினேன். மதினி, "எல்லாரும் நல்ல சொகம், நீ எப்படி இருக்க?" என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள் போல இருந்தது.

இங்கே ஆறு கரை தொட்டு ஓடுகிறது. மழைச் சத்தம் கேட்டாலே ஜோமோள் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுது.

சிஞ்சு


மேல் டிவிஷன்
20 ஜூன் 2025

பாசமுள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். ஜோமோள் நான்காம் வகுப்பு போகிறாள். பள்ளிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், பின்சுவருக்கும் சேர்த்து. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

தாள்கள் வந்தன. ஒன்றைச் சாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்கே வந்து நின்றார், சிஞ்சு. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "சிலுவைராஜே, இது எண்ட ஸ்கூல் மாத்திரம் இல்ல" என்றார். இன்னொன்று பைபிளுக்குள் இருக்கிறது. கூட்டம் போடவில்லை. நாளை போடலாம் என்று தினமும் நினைக்கிறேன்.

என்னை வையாதே.

அண்ணன்


கல்பாத்தி
17 ஜூலை 2025

அண்ணே,

சொன்னபடி ஜூன் பதினாறாம் தேதியே கல்வித் துறைக்குப் புகார் அனுப்பிவிட்டேன், உன்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் இருந்தேன். புகாருக்கு ஓர் எண் வந்தது, ஆள் யாரும் வரவில்லை. விளக்கம் கேட்டு அதை ஜோஸ் சாருக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர் கொடுத்த விளக்கத்தின் நகல் இன்று வந்தது. இதோடு வைத்திருக்கிறேன், நீயே படி.

"ஜூன் 10 அன்று குழு பின்சுவரை நேரில் பார்த்து, விரிசல் இல்லை எனத் தீர்மானித்தது." கீழே பதினோரு ஒப்பு. அதைக் காட்டிப் புகாரை முடித்துவிட்டார்கள். நான் எழுப்பிய கேள்விக்கு நீ பதில் சொன்னதாகக் கோப்பில் இருக்கிறது.

கோபத்தில் எழுதவில்லை. இதற்கு மேல் யாரிடம் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு படித்தும் தெரியவில்லை. ஜோமோளை மட்டுமாவது வீட்டில் நிறுத்திக்கொள்.

சிஞ்சு


மேல் டிவிஷன்
3 ஆகஸ்ட் 2025

என் தங்கச்சி சிஞ்சுவுக்கு,

நாங்கள் உயிரோடு சுகமாய் இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். போனில் மதினி அழுததில் உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அந்த நகலை நான்கு முறை படித்தேன். ஜூன் பத்தாம் தேதி நான் ஃபாக்டரியில் இருந்தேன். ஜோமோளை மட்டும் நிறுத்து என்று நீ எழுதியிருந்தாய். நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ராமுத்தாயின் மகன் பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பைபிளில் இருந்த தாளை எடுத்தேன். நகலை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பிறகு ராமுத்தாய், "இது நாங்க சொன்னதா? அப்ப இந்தத் தாள்ல உள்ள பழைய ஒப்ப எல்லாம் வெட்டுங்கண்ணே. எழுதுங்க, வாசிங்க, அப்புறம் போடுதோம்" என்றாள். அப்படியே செய்தோம். சுவரை ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் பிள்ளைகள் மஸ்டர் ஷெட்டில் படிக்கட்டும் என்று தீர்மானம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபீல்டு ஆபீசர் பார்த்துக்கொண்டே நின்றார்.

டீச்சர் பிள்ளைகளோடு ஷெட்டுக்கு வந்துவிட்டாள். சார் வரவில்லை. ஷெட்டில் இருந்தால் ஹாஜர் போட முடியாது என்று சொல்லிவிட்டுத் தினமும் தனியே பள்ளியில் போய் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சத்தம் கேட்டது. ஃபாக்டரியிலிருந்து ஓடினேன். மேடு சரிந்து வகுப்புகளுக்குள் இறங்கியிருந்தது. முன்னறையில் இருந்ததால் சாருக்கு உயிர் இருந்தது. பேச்சு வரவில்லை, ரெஜிஸ்டரை நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஃபயர்ஃபோர்ஸ் வந்து அதை வாங்கிப் பார்த்தார்கள். அன்றைக்கும் இருபத்தைந்து பேருக்கும் சார் ஹாஜர் போட்டிருந்தார். பேர்களைச் சத்தமாய் வாசித்தார்கள்.

காலையில் என் கையால் ஜோமோளை ஷெட்டில் விட்டேன், சிஞ்சு. பேக்கைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன். ஆனாலும் அவள் பேரை வாசித்ததும் எனக்கு அது நினைவில் இல்லை. வெறுங்கையால் மண்ணைத் தோண்டினேன். யாரோ என்னைப் பிடித்து இழுத்து, "பிள்ளைங்க ஷெட்டுல இருக்குதுங்க அண்ணே" என்று கத்திய பிறகுதான் நினைவு வந்தது. சொன்னேன். ஃபயர்ஃபோர்ஸ்காரர்கள் நம்பவில்லை. "ரெஜிஸ்டரில் இருபத்தஞ்சு ஹாஜர் உண்டல்லோ" என்றார்கள். காட்டு வழியாய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, மழையில் வரிசையாய் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள்.

இருபத்தொரு பேர்தான் இருந்தார்கள்.

லிபின், சோலை, தமிழ்ப்ரியா, பூபதிராஜா. நான்கு பேருக்கும் பதில் குரல் இல்லை. அவர்கள் மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார்கள்.

குழந்தைகள் கணக்குப் பார்த்தா பிறக்கின்றன என்று மார்ச்சில் கேட்டாயே, அதற்கு நான் பதிலே எழுதவில்லை. அந்த நான்கு பேரின் குடும்பமும் மூன்று வருஷம் முன்பே திருப்பூருக்குப் போய்விட்டது. பேர் வெட்டினால் எண்ணிக்கை இருபத்தைந்துக்குக் கீழே போகும், பள்ளியை மூடிவிடுவார்கள் என்று சார் சொன்னார். வெட்ட வேண்டாம் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். அதிலும் ஒப்பு இருக்கிறது.

மண்ணுக்குள் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். நின்றிருந்த பத்துப் பெண்களுக்கும் தெரியும். பதினோரு பேரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சாருக்கு ஜெயில், எனக்கும் ஜெயில், பள்ளிக்கூடமும் போய்விடும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் என் கண் முன்னால் மண்ணுக்குள் கிடந்தது, அப்படியும் அதைத்தான் நினைத்தேன். மேலே மேடு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஆறு பேர் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்கள், இல்லாத பிள்ளைகளுக்காக. மறுபடி ஒரு பாளம் சரிந்து ஒருவரை இடுப்பு வரை மூடியது. இழுத்து எடுத்தார்கள். கால் முறிந்துவிட்டது. எழுந்து நிற்க முடியாமலே அவர், "அந்தக் கொச்சுப் பிள்ளைகளை நோக்கு" என்றார்.

ராமுத்தாய் என் பக்கத்தில் வந்தாள். "மொத ஒப்பு ஒங்களதுதானண்ணே. நீங்க சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அந்த நான்கு பேரும் இங்கே இல்லை, எங்களுக்குத் தெரியும், தோண்ட வேண்டாம் என்று சொன்னேன். மண்வெட்டிகள் நின்றுவிட்டன. கால் முறிந்தவர் என்னைப் பார்த்த பார்வையை இந்தக் கடிதத்தில் எழுதத் தெரியவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

அதிகாரி ஒருவர் எழுதித் தரச் சொன்னார். சட்டைப் பையில் திங்கட்கிழமைத் தாள் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். சுவர், நான்கு பேர், மஸ்டரில் போட்ட ஒப்புகள், எல்லாவற்றையும். சத்தமாய் வாசித்துக் காட்டினேன். பிறகு கீழே ஒப்புப் போட்டேன். என் ஒப்பு மட்டும்தான்.

11ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணை. சார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்னும் பேசவில்லை. வேலைக்கு வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள், வீட்டைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஷெட்டில்தான் படிக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஜோமோள் மட்டும், "அப்பா, லிபின் எப்ப வருவான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அன்றைக்கு அவன் பேரை அவ்வளவு நேரம் கூப்பிட்டார்கள் அல்லவா, அவன் இங்கேதான் எங்கோ இருக்கிறான் என்று நினைக்கிறாள்.

ஒரு காரியம் கெட்டுப்போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் உன் ஆராய்ச்சி என்று எழுதியிருந்தாய். திங்கட்கிழமை நான் போய்ச் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாயிருக்கிறது, சிஞ்சு. ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு.

அண்ணன்,
சிலுவைராஜ்